பெண்ட் பைப் ஏன் நீலமாகிறது? ஜி.டி.நாயுடுவின் வாழ்க்கையைத் தொடங்கி வைத்த பழைய ரட்ஜ் பைக்கின் கதை

திண்டுக்கல்லில் பழைய புல்லட் வைத்திருப்பவர்களிடம் பேசிப் பாருங்கள். மைலேஜ், விலை எல்லாம் பேசி முடித்த பிறகு பேச்சு ஒரு இடத்தில்தான் வந்து நிற்கும்: பெண்ட் பைப். எஞ்சினில் இருந்து வளைந்து இறங்கும் அந்த குரோம் குழாய், புதிதாக மாட்டியபோது கண்ணாடி மாதிரி இருந்தது. ஒட்டன்சத்திரம் வரை ஒரு தடவை போய் வந்ததும் முதலில் மஞ்சளாச்சு, அடுத்த வாரம் நீலமாச்சு. வெயிலா, பெட்ரோலா, மெக்கானிக் கைவரிசையா என்று ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்வார்கள்.

இதே மாதிரியான கேள்விகளோடு ஒரு பழைய ஆங்கிலேய பைக்கைப் பிரித்துப் பிரித்து மாட்டிய ஒருவர், பிறகு 1920-ல் இந்தப் பக்கத்து ரோட்டிலேயே பஸ் ஓட்டினார். பெயர் கோபாலசாமி துரைசாமி நாயுடு. நமக்கு ஜி.டி.நாயுடு. கோவை அவிநாசி சாலையில் 2025 அக்டோபரில் திறக்கப்பட்ட 10 கிலோமீட்டர் மேம்பாலத்துக்கு வைத்திருப்பது அவர் பெயரைத்தான். பாலத்தில் தினமும் போகிறவர்களில் பலருக்கு அவரைப் பற்றித் தெரிந்தது ‘இந்தியாவின் எடிசன்’ என்ற பட்டம் மட்டும்தான். அந்தப் பட்டம் அவருக்குப் பெரிதாக எதுவும் சேர்க்கவில்லை என்பது என் கருத்து. எடிசனை விட அவரை ஒரு மெக்கானிக்காகப் பார்த்தால் நன்றாகப் புரியும்.

மூன்றாம் வகுப்போடு நின்ற பையன்

கோவைக்கு அருகே கலங்கல் கிராமத்தில் 1893 மார்ச் 23-ல் பிறந்தார். விவசாயக் குடும்பம். தாயைச் சின்ன வயதிலேயே இழந்தார். பள்ளிக்கூடம் பிடிக்கவே இல்லை. மூன்றாம் வகுப்பைத் தாண்டவில்லை. வாத்தியார் கண்ணில் மண்ணை வாரிப் போட்டுவிட்டு ஓடியதாக ஒரு கதை இன்றும் ஊரில் உலவுகிறது. அப்புறம் தோட்ட வேலை, கையில் கிடைத்த புத்தகங்களைத் தானாகவே படிப்பது என்று நாட்கள் போயின.

அந்த நேரத்தில்தான் ஊருக்குள் ஒரு மோட்டார் சைக்கிள் வந்தது. நில அளவைக்காக வந்த வருவாய்த்துறை ஆங்கிலேய அதிகாரி ஒருவருடைய ரட்ஜ் வண்டி. நாயுடுவின் வாழ்க்கை வரலாறுகளில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் காட்சி இது: வண்டி வழியில் நின்றுவிடுகிறது. அதிகாரி பாகங்களைத் துடைக்க மண்ணெண்ணெய் கேட்கிறார், பையன் ஓடிப் போய் எடுத்து வருகிறான், துடைத்து மாட்டியதும் வண்டி மறுபடி உயிர் பெற்றுப் போய்விடுகிறது. மாடும் குதிரையும் இழுக்காத வண்டி ஒன்று தானாக ஓடியதை அன்றுதான் அவர் முதன்முதலில் பார்த்தார்.

அப்போது அவருக்கு வயது 16 என்று சில இடங்களில் எழுதுகிறார்கள், 20 என்று வேறு சில இடங்களில். கணக்குப் போட்டால் 16 ஒத்து வராது. 1909-ல் ரட்ஜ் கம்பெனி தன் சொந்த மோட்டார் சைக்கிளை விற்கத் தொடங்கவில்லை. அது அதற்கப்புறம்தான். அவர் வாங்கியது 1912 மாடல் என்று சொல்லப்படுவதால், இருபதை ஒட்டிய வயது என்பதே பொருந்துகிறது.

வண்டியைப் பார்த்ததோடு நிற்கவில்லை. கோவைக்குப் போனார். ஒரு ஹோட்டலில் சர்வர் வேலை. ஏறக்குறைய மூன்று வருஷம் இலை எடுத்து, தண்ணீர் ஊற்றி, சேர்த்த பணத்தோடு அதே அதிகாரியைத் தேடிப் போய் அந்த வண்டியை வாங்கினார். 300 ரூபாய் என்பது பொதுவாகச் சொல்லப்படும் விலை. இன்றைக்கு நாம் இ.எம்.ஐ. போட்டு ஷோரூமில் சாவி வாங்குவதை நினைத்துக்கொண்டு இதைப் படித்தால் அதன் கனம் தெரியாது. சொந்தமாக ஒரு மாட்டு வண்டி வைத்திருப்பதே பெருமையாக இருந்த ஊர் அது.

வாங்கிய வண்டியை ஓட்டித் திரிந்தாரா? ஓட்டினார். ஆனால் அதைவிட அதிகமாக, பிரித்தார். ஒவ்வொரு போல்ட்டாகக் கழற்றி, மறுபடி மாட்டி, மறுபடி கழற்றினார். கோவையில் ஒரு மெக்கானிக்காக அவர் உருவானது அப்படித்தான்.

அந்த ரட்ஜுக்குள் என்ன இருந்தது?

இங்கே கொஞ்சம் நின்று அந்த எஞ்சினைப் பார்ப்போம். நாயுடுவைப் புரிந்துகொள்ள இதுதான் நல்ல வழி.

இங்கிலாந்தின் கவன்ட்ரி நகரில் தயாரான அந்தக் கால ரட்ஜ், 499 சிசி, ஒற்றை சிலிண்டர். மிதித்துத்தான் கிளப்ப வேண்டும். சக்கரத்துக்குச் சக்தி போவது பெல்ட் வழியாக. பெட்ரோல் புகை உள்ளே வரும் வால்வு மேலே இருக்கும், எரிந்த புகை வெளியே போகும் வால்வு பக்கவாட்டில். இதே கம்பெனியின் ரட்ஜ் மல்டி என்ற மாடல் 1914-ல் ஐல் ஆஃப் மேன் தீவின் சீனியர் டிடி பந்தயத்தை ஜெயித்தது. அதாவது, கிராமத்துப் பையன் கையில் கிடைத்தது அந்தக் காலத்தின் சூப்பர் பைக் ரகம்.

ஆனால் அதை ஓட்டுவது சுலபமே இல்லை. இன்றைய பைக்கில் கம்ப்யூட்டர் செய்யும் வேலையை எல்லாம் அன்றைக்கு ஓட்டுபவர் கை செய்ய வேண்டும். ஹேண்டில்பாரில் சின்னச் சின்ன நெம்புகோல்கள் இருக்கும். ஒன்று பெட்ரோல் கலவைக்கு, ஒன்று காற்றுக்கு. தீப்பொறி எப்போது அடிக்க வேண்டும் என்பதற்கும் தனியாக ஒரு நெம்புகோல். எண்ணெய்க்குக் கைப்பம்பு. ஓடிக்கொண்டே சில கிலோமீட்டருக்கு ஒருமுறை எண்ணெயை அடித்து விட வேண்டும். குறைத்து அடித்தால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். அதிகம் அடித்தால் பின்னால் வருபவருக்கு நீலப் புகை.

இதில் தீப்பொறி நெம்புகோல்தான் நம் பெண்ட் பைப் கதைக்கு முக்கியம்.

சிலிண்டருக்குள் அடைத்த பெட்ரோல் புகை ஒரே நொடியில் வெடித்துவிடுவதில்லை. தீ பரவக் கொஞ்சம் நேரம் எடுக்கும். அதனால் பிஸ்டன் உச்சிக்குப் போகும் முன்னாலேயே தீப்பொறி அடித்துவிட வேண்டும். அப்போதுதான் பிஸ்டன் இறங்கத் தொடங்கும்போது முழு அழுத்தமும் அதன் தலையில் இறங்கும். வேகம் கூடக் கூட, இன்னும் முன்னால் அடிக்க வேண்டும். இதைத்தான் மெக்கானிக்குகள் டைமிங் என்கிறார்கள்.

வண்டியைக் கிளப்பும்போது மட்டும் இதற்கு நேர்மாறு. மெதுவாகச் சுற்றும் எஞ்சினில் தீப்பொறி முன்னாலேயே அடித்தால், பிஸ்டன் எதிர்த் திசையில் உதைக்கும். மிதிப்பவர் கால் அவ்வளவுதான். அதனால் நெம்புகோலைப் பின்னுக்குத் தள்ளிக் கிளப்பி, ஓடத் தொடங்கியதும் முன்னுக்குக் கொண்டுவர வேண்டும்.

மறந்துவிட்டால்? தீப்பொறி தாமதமாக அடிக்கும். பிஸ்டன் பாதி இறங்கிய பிறகும் உள்ளே எரிந்துகொண்டே இருக்கும். அதற்குள் வெளியேற்றும் வால்வு திறந்துவிடும். சக்கரத்துக்குப் போக வேண்டிய சூடு தீயாகக் குழாய்க்குள் போய்விடும். வண்டி இழுக்காது, பெண்ட் பைப் பழுக்கும். எஃகு சுமார் 220 டிகிரி செல்சியஸை ஒட்டி வைக்கோல் மஞ்சள் நிறமும், 300-ஐ ஒட்டி நீல நிறமும் எடுக்கும். 500-ஐத் தாண்டினால் இருட்டில் மங்கலான சிவப்பே தெரியும். அதாவது குழாயின் நிறம் ஒரு தெர்மாமீட்டர் மாதிரி.

இத்தனைக்கும் வண்டியில் ஒரு பாகமும் கெட்டிருக்காது. நெம்புகோல் தப்பான இடத்தில் இருக்கும், அவ்வளவுதான். பழைய வண்டி வைத்திருப்பவருக்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது: பாகத்தை மாற்றும் முன் காரணத்தைத் தேடு. நாயுடு தன் ரட்ஜைப் பிரித்து மாட்டிய வருஷங்களில் அவருக்கு இருந்த வாத்தியார் அந்த எஞ்சின்தான். மண் எறிய முடியாத வாத்தியார்!

பருத்தியில் போட்டதும் விட்டதும்

மெக்கானிக் வேலைக்குப் பிறகு நேராக பஸ் முதலாளி ஆகிவிடவில்லை. திருப்பூரில் பருத்தித் தொழிலில் இறங்கினார். முதல் உலகப்போர் காலத்தில் பருத்தி விலை ஏறியது, பணம் சேர்ந்தது. அதை எடுத்துக்கொண்டு பம்பாய் போய் பருத்தி வியாபாரத்தில் பெரிய கைகளோடு மோதினார். கொண்டு போனதை இழந்து திரும்பினார்.

கோவையில் அப்போது பெரிய ஆள் ராபர்ட் ஸ்டேன்ஸ். காபி, நூற்பாலை, பள்ளிக்கூடம், மோட்டார் கம்பெனி என்று நகரத்தின் பாதி தொழில் அவர் பெயரில் இருந்தது. எஞ்சின் தெரிந்த, எல்லாவற்றையும் இழந்து நின்ற நாயுடுவுக்கு ஒரு பஸ் வாங்க உதவியவர் அவர்தான். 1920-ல் அந்த ஒரே பஸ் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓடத் தொடங்கியது. முதலாளியும் அவரே, டிரைவரும் அவரே.

ஏன் பழனி?

கோவைக்காரர்கள் இதை ஒரு வரியில் தாண்டிவிடுவார்கள். நம்ம பக்கத்தில் நின்று பார்த்தால்தான் அந்தத் தேர்வின் கெட்டிக்காரத்தனம் புரியும்.

பொள்ளாச்சிக்கு 1915-லேயே போத்தனூரில் இருந்து ரயில் வந்துவிட்டது. பழனிக்கு வரவில்லை. திண்டுக்கல், பழனி, பொள்ளாச்சியை இணைக்கும் பாதை 1920-களின் கடைசியில்தான் ஓடத் தொடங்கியது. அதுவரை பொள்ளாச்சியில் ரயிலை விட்டு இறங்கும் முருக பக்தருக்கு மிச்சம் 60 கிலோமீட்டருக்கு மேல் மாட்டு வண்டியோ, கால்நடையோதான். தைப்பூசம், பங்குனி உத்திரம் என்று இல்லை, வருஷம் பூராவும் ஆள் வரும் ஊர் பழனி. ரயில் முடிகிற இடத்தில் இருந்து கூட்டம் போகிற இடத்துக்கு ஒரு பஸ். வியாபாரமாகப் பார்த்தால் இதைவிடச் சரியான ரூட்டை அன்றைக்குத் தேர்ந்தெடுத்திருக்க முடியுமா தெரியவில்லை.

உடுமலைப்பேட்டை, மடத்துக்குளம் வழியாகப் போகும் அந்த ரோடு பெரும்பாலும் சமவெளி. தெற்கே மலை கூடவே வரும். பழனி அன்றைக்கு மதுரை மாவட்டத்தில் இருந்தது. திண்டுக்கல் தனி மாவட்டமானது 1985-ல்தான்.

பைக்கில் ரேடியேட்டர் கிடையாது, காற்றுதான் எஞ்சினைக் குளிர வைக்கும். பஸ்ஸில் தண்ணீர் குளிர வைக்கிறது. ஆனால் டைமிங், கலவை, வால்வு இடைவெளி எல்லாம் அதே கணக்குதான். ஒற்றை சிலிண்டரில் கற்றதை நான்கு சிலிண்டரில் போட்டுப் பார்ப்பது பெரிய தாவல் இல்லை. வழியில் நின்றால் மெக்கானிக்கைத் தேட வேண்டிய அவசியம் இல்லாத டிரைவர் அன்றைக்கு எத்தனை பேர் இருந்திருப்பார்கள்?

ஒரு பஸ் பல ஆனது. யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ், சுருக்கமாக யு.எம்.எஸ். 1930-களின் தொடக்கத்தில் 280 பஸ்கள் வரை இருந்ததாகச் சொல்லப்படுகிறது. நேரம் தவறாமல் ஓடுவதுதான் அதன் அடையாளம். டிக்கெட் கொடுக்கும் இயந்திரம், பயணிகளுக்குத் தங்கும் வசதி என்று அன்றைக்கு யாரும் யோசிக்காததை எல்லாம் செய்தார்.

அதில் எனக்குப் பிடித்தது வேறொன்று. பஸ் எஞ்சினின் அதிர்வைச் சோதிக்கும் ஒரு கருவியை உருவாக்கியதாக அவரது வாழ்க்கைக் குறிப்புகள் சொல்கின்றன. ரேசர், ரேடியோ எல்லாம் புகழ் பெற்ற அளவுக்கு இது பேசப்படுவதில்லை. ஆனால் ஒரு மெக்கானிக்கின் மனசு தெரிவது இதில்தான். காதை எஞ்சினில் வைத்து, கையைத் தொட்டுப் பார்த்து, அனுபவத்தால் கண்டுபிடிக்கும் கோளாறை, யார் பார்த்தாலும் ஒரே மாதிரி தெரியும்படி ஒரு கருவியில் கொண்டுவர நினைத்திருக்கிறார். நூற்றுக்கணக்கான பஸ் ஓடும்போது ஒரு முதலாளியின் காது எல்லா எஞ்சினிலும் இருக்க முடியாதே.

பைக்கில் இருந்து ரேசர் வரை

1930-களில் அவர் ஐரோப்பா போய்வந்தார். கேமரா பைத்தியம் வேறு. 1936-ல் லண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைத் தன் கேமராவில் படம் பிடித்தார். திரும்பி வந்து ‘ரேசன்ட்’ என்ற மின் சவரக் கருவியை உருவாக்கினார். உலர் பேட்டரியில் ஓடும் குட்டி மோட்டார், ஜெர்மனியில் செய்த உறை. 1937-ல் டி.பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து, இந்தியாவிலேயே தயாரான முதல் மின் மோட்டாரைக் கொண்டுவந்தார்கள். கோவை இன்று பம்ப் செட் நகரமாக இருப்பதற்கான விதைகளில் இதுவும் ஒன்று.

மெல்லிய சவர பிளேடு, பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயில் ஓடும் மின்விசிறி, தில்லுமுல்லு செய்ய முடியாத வாக்குப்பதிவு இயந்திரம் என்று பட்டியல் நீளும். 1941-ல் ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குத் தர முடியும் என்று அறிவித்தார். தேர்தலில் ஒருமுறை நின்று தோற்றார். அது அவருக்கான மேடை இல்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

அரசோடு மோதல்

இந்த வாழ்க்கையில் வலிக்கும் பகுதி இதுதான். 1945-ல் கோவையில் பொறியியல் கல்வி தொடங்க அவர் பணம் கொடுத்தார். அன்றைய சென்னை ஆளுநர் ஆர்தர் ஹோப் பெயரில் பாலிடெக்னிக்கும் கல்லூரியும் வந்தன. கல்லூரிக்கு முதல்வர் யார் தெரியுமா? மூன்றாம் வகுப்பு படித்த ஜி.டி.நாயுடு.

நான்கு வருஷப் படிப்பு வீண் என்பது அவர் வாதம். கையில் கருவியைக் கொடுத்து, பிரித்து மாட்ட விட்டால் பாதிக் காலமே போதும் என்றார். அரசு ஏற்கவில்லை. விலகிவிட்டார். அந்தக் கல்லூரிதான் இன்றைய கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி.

அவர் சொன்னது முழுக்கச் சரியா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. பெண்ட் பைப் சிவக்கிறது என்பதைக் கை கண்டுபிடிக்கும். எஞ்சினை இன்னும் நல்லதாக வடிவமைக்க வெப்ப இயக்கவியல் கணக்கு வேண்டும். அதற்குக் காலம் பிடிக்கும். ஆனால் நான்கு வருஷம் முடித்தும் ஒரு கார்புரேட்டரைத் தொட்டுப் பார்க்காமல் பட்டம் வாங்கியவர்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம், இல்லையா? அந்த இடத்தில் அவர் கோபம் நியாயமாகத்தான் இருக்கிறது.

1952-ல் இரண்டு பேர் போகும் சின்ன பெட்ரோல் கார் ஒன்றைச் செய்தார். விலை 2,000 ரூபாய். தயாரிக்க அரசு லைசென்ஸ் தரவில்லை. வரி விவகாரத்திலும் அரசோடு சண்டை. அந்த எதிர்ப்பில், 1950-களில், தான் செய்த கருவிகளைப் பொதுமக்கள் முன்னாலேயே உடைத்துக் காட்டினார். ஒரு போல்ட்டைக் கூட வீணாக்காமல் பிரித்துக் கற்றவர், செய்த பொருளையே உடைக்கும் நிலைக்கு வந்தது சாதாரணக் கோபம் இல்லை. அதைத் தியாகம் என்று சொல்பவர்கள் உண்டு, பிடிவாதம் என்று சொல்பவர்களும் உண்டு. இரண்டும் கலந்திருந்தது என்றுதான் படுகிறது.

கடைசிக் காலத்தில் விவசாயப் பரிசோதனைகள், தொழில் கண்காட்சி என்று இயங்கினார். 1974 ஜனவரி 4-ல் காலமானார். கோவை அவிநாசி சாலையில் அவர் பெயரில் இருக்கும் அருங்காட்சியகத்தையும், பக்கத்திலேயே பழைய கார்களின் அருங்காட்சியகத்தையும் இன்றும் பார்க்கலாம்.

சரி, உங்கள் புல்லட்டுக்கு வருவோம்

பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட்டில் ஹேண்டில்பார் நெம்புகோல் கிடையாது. அந்த வேலையை பாயிண்ட் பெட்டிக்குள் ஸ்பிரிங்கும் எடைக்கட்டிகளும் தானாகச் செய்கின்றன. துருவோ பழைய கிரீஸோ பிடித்து அவை ஒட்டிக்கொண்டால், தீப்பொறி எப்போதும் தாமதமாகவே அடிக்கும். நூறு வருஷத்துக்கு முன்னால் ரட்ஜில் நெம்புகோலை மறந்தவருக்கு நடந்ததே உங்களுக்கும் நடக்கும். பாயிண்ட்டின் ஃபைபர் குதிகால் தேய்ந்தாலும் இதே கதை: இடைவெளி குறையும், டைமிங் பின்னால் போகும். இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டருக்குள் இருக்கிறதா என்று ஃபீலர் கேஜ் வைத்துப் பார்த்தாலே பாதி சந்தேகம் தீரும்.

அடுத்து பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். காபிப் பொடி நிறம் என்றால் கலவை சரி. வெளுத்துப் போயிருந்தால் பெட்ரோல் குறைவு, காற்று அதிகம். உடனே ஜெட்டை மாற்ற ஓட வேண்டாம். கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவே உள்ள இணைப்பில் ஏர் அடிக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஐடிலில் ஓடும்போது ஆர்.பி.எம். தானாக ஏறி இறங்கினால் சந்தேகம் பெரும்பாலும் அங்கேதான்.

மூன்றாவது டேப்பட். எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு, புஷ்ராடை விரலால் சுற்றினால் சுலபமாகச் சுற்ற வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. இறுக்கமாக இருந்தால் வால்வு முழுசாக மூடாது. மூடாத இடுக்கு வழியாகத் தீ கசிந்து வால்வின் விளிம்பையே தின்றுவிடும். சைலன்சர் உள்ளே கரி அடைத்திருந்தாலும் சூடு வெளியேறாமல் திரும்பும்.

எல்லாம் சரியாக இருந்தும் வளைவுக்குப் பக்கத்தில் மெல்லிசாக ஒரு மஞ்சள் படிந்தால் பதற வேண்டாம். ஒற்றைச் சுவர் குரோம் குழாய்க்கு அது இயல்புதான். ஓரிடத்தில் மட்டும் திடீரென்று கருநீலம் ஏறினாலோ, ராத்திரி பழனி ரோட்டில் ஓட்டும்போது குழாயில் சிவப்பு தெரிந்தாலோ, வண்டியை ஓரம் கட்டுங்கள். ஆறிய பிறகு பாயிண்ட் பெட்டி மூடியில் இருந்து தொடங்குங்கள்.